பார்க்காமல் நம்பாதவர்

அவரைப் பற்றி நல்ல வார்த்தையில் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறினால், மருந்து அலமாரியைப் பூட்டினேனா என்று இடுப்பில் செருகிய சாவிக்குத்தான் என் கை போகும். அவர் எதையாவது எடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கை போகும்.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். ஐம்பதுகளின் நடுவில், இந்த மலை எந்த ராஜ்ஜியத்தோடு சேரப்போகிறது என்று ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருந்த காலம். நான் கோயமுத்தூர்ப் பக்கத்து மீனாட்சிபுரத்துக்காரி. கோயமுத்தூரில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தேன். எஸ்டேட்டில் எல்லோருக்கும் நான் நர்சம்மா. அவர் பிட்டர். குழாய், பம்பு, பாக்டரி மெஷின் எல்லாம் அவர் பொறுப்பு. பெயர் இருந்திருக்கும், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஐம்பது வயது, ஒல்லியான உயரம், வெயிலோ மழையோ கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

நான் சேர்ந்த முதல் வாரம் பிரசவ அறைக் குழாய் ஒழுகியது. ஆள் அனுப்பினேன். வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“ஒழுகுதுன்னு சொல்லி அனுப்புனிய. கண்ணால பார்த்தியளா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டியளா?”

“ஏனுங்க, என்ற ரூமுல ஒழுகறத நான் பாக்காம வேற யாருங்க பாப்பாங்க?”

“அதத்தான் கேக்கேன்.”

உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழாயின் எதிரில் உட்கார்ந்தார். நான் இரண்டு பெண்களுக்கு வயிறு பார்த்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்றும் விழட்டும் என்று காத்திருந்தார். அதுவும் விழுந்தபிறகு, “இருக்கு” என்று ஒப்புக்கொண்டு எழுந்தார். ரிப்பேர் செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போகும்போது, “உங்க ஊருல எல்லாத்துக்கும் பின்னால ஒரு ‘ங்க’ வெலையில்லாமப் போடுதிய” என்றார். சிரித்தாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இதுதான் அவர். பால் திரிந்துவிட்டது என்றாலும், பாலத்தில் லாரி சாய்ந்துவிட்டது என்றாலும், ஒரே கேள்விதான்: பார்த்தியளா, கேட்டியளா? கேட்டேன் என்று சொன்னால் அந்தப் பேச்சே முடிந்தது. மலை கேரளாவோடு சேர்ந்துவிட்டது என்று ஆபீஸ் கிளார்க் ஓடி வந்து சொன்ன அன்றைக்கு, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் அமைதியாக, “எல்லைக் கல்லப் பார்த்தியாடே?” என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிட்டர் நடந்தே போடிப் பாதைப் பக்கம் போய் வந்ததாகச் சொன்னார்கள். எல்லையைப் பார்க்கத்தான் போனாரோ, வேறு எதற்குப் போனாரோ, எனக்குத் தெரியாது.

ஒருமுறை காய்ச்சலோடு வந்தார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து நூற்றிரண்டு என்றேன். உதறிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் நூற்றிரண்டு. “இப்ப நீங்க வச்சுப் பாருங்க” என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் துடைத்து என் அக்குளில் வைத்துக் காட்டினேன். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று அது சொன்னது. கண்ணாடிக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “சரி, இது பொய் சொல்லல” என்று மாத்திரையை வாங்கி விழுங்கினார். நான் பொய் சொல்லக்கூடும் என்று நினைத்தார் அல்லவா, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சந்தேகப்படுகிற ஆளை ஊர் விட்டுவைக்குமா? அவரைப் பற்றி லயங்களில் ஆயிரம் கதை உலவியது. லயம் என்றால் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். அங்கே ஒரு கதை கிளம்பினால் அடுத்த வேளைச் சோற்றுக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். மதுரையில் ஒரு மில்லில் பித்தளைச் சாமான் திருடி அகப்பட்டவர் என்றார்கள். பெண்டாட்டியைச் சந்தேகித்தே விரட்டிவிட்டார் என்றார்கள். துரையின் ஒற்றன் என்றார்கள். நான் மூன்றையும் நம்பினேன். ஒரு கம்பியைக் குழாயின்மேல் ஊன்றி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். தண்ணீர் ஓடுவது எலும்புக்குள் கேட்குமாம். அப்படி அவர் சுவரோரம் நிற்பதைப் பார்த்தால், உள்ளே பேசுவதை ஒட்டுக் கேட்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

வெள்ளைக்காரத் துரை ஊரைப் பார்க்கப் போய், அவர் இடத்துக்குப் பாலக்காட்டிலிருந்து, கல்பாத்திப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. புதுத் துரை படித்தவர், அதிர்ந்து பேசாதவர். அவர் மனைவியைத் துரைசாணி என்று கூப்பிட்டால் அந்த அம்மாளுக்குக் கூச்சம். நான் மாமி என்பேன். மாமிக்கு மலைக்குளிரில் முழங்கால் வீங்கும். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன்.

அவர்கள் வந்து குடியேறிய பங்களாவின் பின்கட்டில் வெள்ளைக்காரன் கட்டிய கக்கூஸ் ஒன்று இருந்தது. மேலே சுவரில் இரும்புத் தொட்டி, அதிலிருந்து தொங்கும் சங்கிலி. இழுத்தால் தண்ணீர் தடதடவென்று இறங்கும். எஸ்டேட்டில் அதைச் சங்கிலிக் கக்கூஸ் என்பார்கள். புதுக் குடும்பம் வந்த அன்றே அந்த அறையைப் பூட்டிவிட்டது.

“ஆத்துக்குள்ளே அதை வெச்சுண்டு எப்படிச் சாதம் சாப்பிடறது, சொல்லுங்கோ?” என்று மாமி என்னிடமே கேட்டிருக்கிறாள். தோட்டத்துக் கோடியில் ஓடு வேய்ந்து வேறொன்று கட்டிக்கொண்டார்கள். பூட்டிய அறையின் சாவியைக்கூட வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மனம் வராமல் விறகுக் கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தாள். ஒன்றரை வருஷம் அந்த அறைக்குள் ஒருவரும் போகவில்லை.

அந்த ஒன்றரை வருஷ முடிவில் வந்த கோடையில் லயத்துக் குழாய்கள் நின்றுபோயின. மலையுச்சி ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் முதலில் பங்களாவுக்கு, பிறகு பாக்டரிக்கு, ஆஸ்பத்திரிக்கு, கடைசியாக லயத்துத் தொட்டிக்கு. வருஷா வருஷம் சித்திரையில் குறையும். இந்த வருஷம் போல் வற்றியதில்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் குடத்தோடு ஓடைக்கு நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வெந்நீர் வைக்க நான் பக்கெட்டில் பிடித்துப் பதுக்க வேண்டியிருந்தது. குழாய் வழியைக் காவல் காத்து வால்வு திறந்து மூடுகிற ஆள் மாடசாமி. எல்லோர் கண்ணும் அவன்மேல் திரும்பியது.

அதற்குத் தோதாக, பங்களாவுக்குக் கீழே பள்ளத்தில் மண் ஈரமாக இருப்பதை ஒரு சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அங்கே மட்டும் எப்படி ஈரம்? சாராயம் காய்ச்ச மாடசாமி தண்ணீரைத் திறந்துவிடுகிறான் என்று கதை கட்ட ஒரு நாள் போதுமானதாக இருந்தது. பானையை யாரும் பார்க்கவில்லை. அடுப்பை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துரை நோட்டீஸ் எழுதினார். சனிக்கிழமைக்குள் வேலையும் இல்லை, லயத்து வீடும் இல்லை.

மாடசாமியின் மனைவி பேச்சி அப்போது நிறைமாசம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது, இது இரண்டாவது. இந்த நிலையில் லாரியில் மலை இறங்கினால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சட்டி பானையைக் கட்டி வைத்துவிட்டு அவள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த காட்சியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இதற்கு மூன்று வாரம் முன்னால் நான் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

பங்களாச் சமையல்காரர் சுளுக்குக்குத் தைலம் வாங்க வந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அந்தப் பிட்டர் ஆளு சரியில்லை கேட்டேளா. பின்பக்கம், பொம்மனாட்டிகள் குளிக்கற பக்கம், சுவத்தோட ஒட்டிண்டு நிக்கறான். ரெண்டு தரம் பாத்தேன்.”

நான் பார்க்கவில்லை. பங்களாவின் பின்பக்கம் போனதுகூட இல்லை. ஆனால் அவர்மேல் இருந்த வெறுப்புக்கு இது சர்க்கரையாக இனித்தது. அன்று சாயங்காலமே மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி நம்பத் தயங்கினாள். “சமையல்காரன் எதையாவது கதையா வளத்துவன். நீங்க பாத்தேளா?” என்று கேட்டாள்.

“நானே என்ற கண்ணுல பாத்தனுங்க மாமி” என்றேன்.

சொல்லும்போது நாக்கு கூசவில்லை. எப்படியும் உண்மைதானே, நான் பார்த்தால் என்ன, சமையல்காரர் பார்த்தால் என்ன என்று இருந்துவிட்டேன். மறுநாளே, பங்களா வேலிக்குள் பிட்டர் கால் வைக்கக்கூடாது என்று துரையின் உத்தரவு வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

நோட்டீஸ் வந்தபிறகு, வியாழக்கிழமை மாமியிடம் மறுபடி போனேன். பேச்சிக்குப் பிரசவம் ஆகும்வரை ஒரு மாதம் தவணை கொடுக்கத் துரையிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாமி கண் கலங்கினாள்.

“ஆபீஸ் காரியத்திலே நான் வாய் திறந்தா அவர் சம்மதிக்கமாட்டார். என்னால ஆனது ஒண்ணுதான் உண்டு. வாங்கோ.”

அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் அழைத்துப் போனாள். கோடிச் சுவரின் அடியில் கோலம் போட்டு, சின்ன விளக்கு ஒன்று எரிந்தது.

“ஒருத்தரண்டையும் சொல்லல்லை, திருஷ்டி பட்டுடும்னு. இந்த ஆத்துக்கு அடியிலே ஊத்து இருக்காக்கும். ராவும் பகலும் ஓடறது. செவியை வெச்சுக் கேளுங்கோ. ஊரெல்லாம் வறண்டு கிடக்கறச்சே இங்க மட்டும் கங்கை! அந்தப் பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பிழைக்கணும்னு தினமும் இங்கதான் வேண்டிக்கறேன். நீங்களும் ஒரு நமஸ்காரம் பண்ணுங்கோ.”

குனிந்து காதை வைத்தேன். தண்ணீர்தான். நிற்காமல், கூடாமல் குறையாமல், ஒரே சீராக. நான் வாய்க்காலும் கிணறுமாக வளர்ந்தவள். ஊற்று இப்படிச் சத்தம் போடாது. இது குழாய்ச் சத்தம்.

“மாமி, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?”

“அந்தப் பக்கமா? அந்தப் பக்கம்…” என்று தொடங்கிய மாமியின் முகம் மெல்ல மாறியது. சட்டென்று குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள்.

விறகுக் கொட்டகைச் சாவியை எடுத்து வந்து நானே திறந்தேன். ஒட்டடையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், மேலே இருந்த இரும்புத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் பீங்கானில் இறங்கிக்கொண்டே இருந்தது. சங்கிலியை யாரும் இழுக்காமலேயே, இத்தனை நாளாக. பள்ளத்து ஈரம், லயத்து வறட்சி, மாடசாமியின் நோட்டீஸ், எல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்கியிருந்தது. மாமி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தினமும் தவறாம வெளக்கேத்தினேனே” என்று அழுதாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த விளக்கைப் பற்றி எஸ்டேட்டில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

பிட்டரைத் தேடிப் பாக்டரிக்கு ஓடினேன். சொல்லி முடிப்பதற்குள், “பார்த்தியளா?” என்றார்.

“பாத்தனுங்க. பூட்டத் திறந்து, உள்ள நின்னு, ரெண்டு கண்ணுலயும் பாத்தனுங்க!” என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அதை எதிர்பார்க்கவில்லை நான். வேறு ஒன்றும் கேட்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டார்.

வெள்ளைக்காரன் கட்டிய அந்த அறைகளுக்கு வெளிப்பக்கம் ஒரு கதவு இருக்கும், துப்புரவு செய்பவர் வீட்டுக்குள் வராமலே வந்து போக. உள்பக்கத் தாழ்ப்பாளை நான் நீக்கிவிட்டேன். வேலிக்குள் வரக்கூடாது என்ற உத்தரவை மாமியே அன்று தள்ளி வைக்க, அவர் வெளியிலிருந்து ஏறி வந்தார். அந்தக் கதவுக்கு நேர் வெளியே சுவரில் ஒரு குழாய் இறங்குவதை அப்போதுதான் பார்த்தேன். குளிக்கிற அறை அங்கிருந்து பத்தடி தள்ளி, அடுத்த மூலையில் இருந்தது. அவர் சுவரோடு ஒட்டி நின்றது எதற்கு என்று எனக்கு விளங்கிவிட்டது.

தொட்டிக்குள் கைவிட்டு, முதலில் தண்ணீரை அடைத்தார். அத்தனை நாள் ஓடிய சத்தம் நின்றதும் வீடே காது செவிடானது போல் இருந்தது. பிறகு ஒரு கம்பியின் நுனியில் இருந்த செம்புக் குண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். தேங்காய் அளவு இருக்கும். அதை ஆட்டினார். உள்ளே களக் களக்கென்று தண்ணீர் குலுங்கியது.

“இது மெதக்கணும் நர்சம்மா. தொட்டி நெறைய நெறைய இது மேல ஏறிக் குழாய மூடணும். ஓட்டை விழுந்து தண்ணியக் குடிச்சு முங்கிட்டு. பெறவு எப்படி மூடும்?” குண்டைத் திருப்பி, ஈயம் வைத்து அடைத்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். ஈயம் பாதி பெயர்ந்திருந்தது. “இது நான் வச்ச ஈயம்.”

பழைய துரை ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அடைத்தாராம். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால்தான் ஈயம் நிற்கிறதா என்று தெரியும். லாரியில் ஏறும்போது துரை, எல்லாம் சரியாக இருக்கிறது பிட்டர் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“சொன்னாரு, நம்பிட்டேன்” என்றார். “பெறவு இவுக வந்து ரூமப் பூட்டிட்டாவ. பள்ளத்துல சித்திரையில சேம்பு பச்சப்பசேல்னு நிக்கறதப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். நம்ம ஈயமாத்தான் இருக்கும்னு. கம்பிய ஊனிக் கேட்டுப் பார்த்தேன். பங்களாக் குழாய் பூராவும் ஒண்ணுதான். எந்த அறையில ஓடுதுன்னு சொல்ல முடியல. உள்ள போய்ப் பாத்துரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வேலிக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாவ.”

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். “சந்தேகம் இருந்துதுன்னா தொரைகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே! மூணு வாரமா வாய மூடிட்டு இருந்தீங்களே, அந்தப் புள்ளத்தாச்சி மூட்டை கட்டிட்டு உக்காந்திருக்குதுங்க!”

“சந்தேகத்தச் சொல்லிச் சொல்லித்தானம்மா மாடசாமிக்கு இந்தக் கதி. நானும் ஒண்ணு சொல்லவா?”

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று அன்றும் எனக்குப் படவில்லை, இன்றும் படவில்லை. பார்த்தபிறகுதான் பேசுவேன் என்று இருந்தவரால் மூன்று வாரம் போயிற்று. பார்க்காமலே பேசியவளால் அவருக்குக் கதவு அடைபட்டது. இரண்டுக்கும் நடுவில் பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

நான் நினைத்தேன், சாயங்காலம் துரையிடம் ரகசியமாகச் சொல்லி முடித்துக்கொள்வார் என்று. துரையும் அதைத்தான் விரும்பினாராம். தொட்டியை அடைத்தாகிவிட்டது, லயத்தில் தண்ணீர் வந்துவிடும், மாடசாமி விஷயம் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது, இனி திருப்ப முடியாது என்றாராம். தன் வீட்டுக் கக்கூஸில் ஓடிய தண்ணீருக்கு ஒரு ஏழையை விரட்டினார் என்று ஊர் பேசினால் அந்த மனிதருக்குத் தலை நிமிர்த்த முடியாதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்களம். வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிக்கும் இடம் அது. துரை மேடைமேல் நின்றார். பேச்சிக்கு வலி எடுத்தால் சொல்லி அனுப்பச் சொல்ல வந்த நானும் ஓரமாக நின்றேன். பிட்டர் நடுவில் நடந்து வந்து, அந்தச் செம்புக் குண்டைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். முன்வரிசைப் பெண்களுக்குச் சத்தம் நன்றாகக் கேட்டிருக்கும்.

“கேட்டுச்சா? கேட்டது போதாது. வந்து பாருங்க.” வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்து வாங்கினார். “இது பங்களாச் சங்கிலித் தொட்டிக் குண்டு. தண்ணி இங்கதான் போச்சு. இத அடைச்சவன் நான். சரியா அடைக்கல. வந்து பார்க்கவும் இல்ல. மாடசாமி ஒரு சொட்டுத் தண்ணியக்கூட யாருக்கும் திறந்துவிடல. இது என் வேலை, என் தப்பு.”

பூட்டிய அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலிக்குள் வரக்கூடாது என்ற உத்தரவைப் பற்றியும் சொல்லவில்லை.

துரை தரையைப் பார்த்துக்கொண்டே, “மாடசாமி நோட்டீஸைக் கிழிச்சுடறேன்” என்றார். பிறகு பிட்டரைப் பார்க்காமலே, “கவனமில்லாத ஆளை வெச்சுண்டு எஸ்டேட் நடத்த முடியாது. நீ சனிக்கிழமை போய்க்கலாம்” என்றார்.

நான் போய் மாமியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெண்கள் குளிக்கிற பக்கம் நிற்கவில்லை, நான் பார்த்ததாகச் சொன்னது பொய், என் பேச்சால்தான் அவரால் உள்ளே வர முடியவில்லை என்று. வெள்ளி பகல் முழுக்க அதை நினைத்துக்கொண்டே கட்டுத்துணிகளை வேகவைத்தேன். சொன்னால் என் வேலையும் போகும். மீனாட்சிபுரத்தில் என் சம்பளத்தை எதிர்பார்த்து மூன்று பேர் இருந்தார்கள். இதெல்லாம் காரணமா, சாக்கா, எனக்குத் தெரியாது. நான் போகவில்லை.

அன்று மத்தியானம் லயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பேச்சி மூட்டையை அவிழ்த்துச் சோறு பொங்கினாள். மூன்றாம் நாள் அந்த வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் மாடசாமி கடைசிவரை பிட்டரோடு பேசவில்லை. எல்லாம் தெரிந்தே என்னை இத்தனை நாள் வேகவிட்டான் என்று லயத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதையும் நம்ப அங்கே ஆள் இருந்தது.

சனிக்கிழமை காலை போடிக்குப் போகும் லாரி ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அதே காக்கிச் சட்டை. வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. நான் வெளியே போனேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதிதான் வாய்க்கு வந்தது.

“உங்களப் பத்தி மாமிகிட்டச் சொன்னது நான்தானுங்க. பங்களாப் பின்னால நிக்கறீங்கன்னு. அதனாலதான் உங்கள வரக்கூடாதுன்னுட்டாங்க.”

“தெரியும்.”

“தெரியுங்களா? என்மேல கோவம் இல்லீங்களா?”

லாரிக்காரன் பெட்டியை வாங்கி மேலே வைத்தான். பிட்டர் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்தது.

“கோவம் என்னத்துக்கும்மா? நான் அங்க நின்னது நெசந்தான. நீங்க கண்ணால பார்த்தியன்னு தொரையே சொன்னாரு. பார்த்ததச் சொல்லுறவுக மேல எனக்கு என்னைக்கும் வருத்தம் இல்ல. இந்த எஸ்டேட்ல பாக்காம ஒரு பேச்சுப் பேசாத ஆளு நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் முந்தாநாள் நீங்க வந்து சொன்னதும் மறுபேச்சு இல்லாம ஏணியத் தூக்குனேன்.”

நான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் கை கூப்பினார். நானும் கூப்பினேன். லாரி புறப்பட்டு வளைவில் திரும்பி மறையும்வரை, அவர் சொன்னது சரிதான் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.